டச்சஸின் கடைசி பட்டன்

வானத்துக்கும் தன் தலைக்கும் நடுவில் எதையும் அனுமதிக்காதவனே முழு மனிதன். ஆப்ரி காட்டர்மோல் இதை வருடத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார். சொல்லும்போது அவர் தலையில் காதுவரை இறங்கும் தோல் தொப்பி இருக்கும். தொப்பியின் மேல், கண்ணுக்கு இறக்கிக்கொள்ளும் பெரிய காற்றுக் கண்ணாடி. கழுத்தில் மனைவி பின்னிய மப்ளர். உடம்பில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கம்பளிச் சட்டைகள். இவ்வளவுக்கும் மேலே, வானம்வரை, எதுவும் இல்லைதான்.

இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் மலையடிவாரத்தில் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆப்ரி அதன் தலைவர். அவருடைய கார் பச்சை நிறம், இரண்டே இருக்கை, வயதானது, பெயர் டச்சஸ். மற்ற கார்களைப் போல டச்சஸுக்கும் ஒரு மடக்குக் கூரை உண்டு. இருக்கைகளுக்குப் பின்னால் கறுப்பாக மடிந்து கிடக்கும். இருபது வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறது. சங்கத்தின் விதிகளில் ஆப்ரி தானே யோசித்துச் சேர்த்த விதி ஒன்று: எந்த நிலையிலும் தலைவர் தன் காரின் கூரையை ஏற்றக் கூடாது.

மழை வந்தால் என்ன செய்வது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். "வேகத்தைக் கூட்டு. மழை தலைக்கு மேல தாண்டிப் போயிடும்" என்பார்.

வேகத்தைக் கூட்ட முடியாத இடங்களும் ஷ்ரோப்ஷயரில் இருந்தன. செம்மறி மந்தை சாலையைக் கடக்கும் இடம், ரயில்வே கேட், ஒரு கார் மட்டுமே போகக்கூடிய பாலம். அங்கெல்லாம் மழை தாண்டிப் போகாது. ஆப்ரிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மேவிஸின் மேல் இறங்கும்.

மேவிஸ் அவருடைய மனைவி. அவள் என்னென்ன பட்டாள் என்பதை அவர்கள் குடும்ப ஆல்பத்தைப் புரட்டினாலே தெரிந்துகொள்ளலாம். தம்பி மகன் கல்யாணப் படத்தில், ஆற்றிலிருந்து யாரோ இழுத்துக் கரையில் போட்டதுபோல் முடி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அக்கா பேத்தியின் ஞானஸ்நானப் படத்தில் குழந்தையைவிட மேவிஸ்தான் அதிகம் நனைந்திருக்கிறாள்.

அந்த அக்டோபர் சனிக்கிழமை சாயங்காலம் அவள் அக்கா பெரிலுக்கு ஐம்பதாவது கல்யாண நாள் விருந்து. ஊரிலிருந்து போட்டோகிராபரை வரவழைத்திருந்தார்கள். மேவிஸ் முந்தைய நாளே முடி அலங்காரக் கடைக்குப் போய், சூடான தொப்பிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்து, முடியைச் சுருட்டி எழுப்பி வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ராத்திரி முழுக்கத் தலையணையில் கன்னம் படாமல் தூங்கினாள்.

காலையில் வாசலில் டச்சஸைத் துடைத்துக்கொண்டிருந்த ஆப்ரியிடம் போய் நின்றாள்.

"ஆப்ரி, இன்னிக்கு ஒரு நாள் கூரையை ஏத்தேன்."

"எதை?"

"கூரையை. பின்னாடி கறுப்பா மடிஞ்சு கிடக்கே, அதை."

"மேவிஸ், இன்னிக்குப் பட்டன் நாள். சங்கமே வந்து நிக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் தேர்தல் வேற. தலைவர் கூரைக்கு அடியில குந்திக்கிட்டு வந்து இறங்கினா என்ன நினைப்பாங்க?"

"மழை பெய்யுதுன்னு நினைப்பாங்க."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியறது இருக்கட்டும். அங்கேர்ந்து நேரா பெரில் வீட்டுக்குப் போறோம். ஒரே ஒரு படத்துலயாவது நான் காஞ்சு நிக்கணும்."

"பிளாஸ்டிக் மழைத்தொப்பி வெச்சிருக்கியே?"

"போன தடவை போட்டதா? அது காத்துல பறந்து இந்நேரம் வேல்ஸ்ல இருக்கும்."

ஆப்ரி முகப்பு விளக்கைத் துடைத்தார். ஒரு வாதத்தில் தோற்கிறோம் என்று தெரிந்தால் அவர் எதையாவது துடைப்பார். டச்சஸ் பளபளப்பாக இருந்ததற்கு இது ஒரு காரணம்.

அப்போது தெருவில் ஒரு ஹாரன் அடித்தது. சங்கக் கூட்டத்துக்குப் போகும் வழியில் ரோவினா ஸ்டாட் வந்திருந்தாள். பசுவுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டர். தடித்த கைகள், உரத்த குரல். அவளுடைய சிவப்புக் காருக்குக் கழுவுவது என்றால் என்னவென்று தெரியாது. கூரை ஏறியிருந்தது. கிழிந்த இடங்களில் வைக்கோல் கட்டை மூடும் ஷீட்டை வெட்டி ஒட்டியிருந்தாள். இந்த முறை தலைவர் பதவிக்கு ஆப்ரியை எதிர்த்து நிற்பவளும் அவளே.

"நான் ரோவினாவோட வரேன்" என்றாள் மேவிஸ்.

"எதிரி கார்லயா!"

"நனையாத எதிரி" என்று சொல்லிவிட்டு, தலையை ஒரு முட்டையைக் கொண்டுபோவதுபோல் நேராக வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஆப்ரிக்குக் கோபம். கோபத்தில் சாமான்களை ஏற்றினார். காலியாகிவிட்ட பக்கத்து இருக்கையில் மடக்கு நாற்காலியையும் டீ பிளாஸ்கையும் போட்டார். டிக்கியில் எப்போதும்போல் மெழுகு டப்பாக்களும் ஸ்பானர்களும். மிச்சம் இருந்தது டோனோ.

டோனோ இல்லாமல் பட்டன் நாள் இல்லை. திறந்த காரை நிறுத்தி வைக்கும்போது, இருக்கைகளின் முதுகிலிருந்து முன்கண்ணாடியின் அடிவரை மேலே இழுத்து மூடுகிற கறுப்பு உறை அது. சுற்றிலும் டிச் பட்டன்கள். நடுவே ஒரு நீள ஜிப். ஸ்டியரிங்குக்கு மட்டும் பானை வயிறு மாதிரி ஒரு புடைப்பு. இத்தனை வருடமும் டச்சஸின் டோனோ மடித்த நிலையில் பக்கத்து இருக்கையில்தான் பயணம் செய்யும். அந்த இருக்கையின் சுருள் கம்பி ஒன்று வெளியே தலைநீட்டிக் குத்தும் என்பதால் மேவிஸுக்கு அதுவே மெத்தை. குளிருக்கு ஒரு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி டோனோவின் மேல் வைத்து, அதன் மேல் அவள் உட்காருவாள். இன்றைக்கு அவள் இல்லை. ஆப்ரி டோனோவைப் பின்பக்க இரும்புச் சட்டத்தில் வைத்து வாரால் கட்டினார். மலைக்காற்று வழிநெடுக அதைத் தடவிக்கொண்டே வந்தது.

'மூன்று வாத்துகள்' மதுக்கடையின் பின்னால் உள்ள புல்வெளியில் சங்கத்தின் கார்கள் வரிசையாக நின்றன. மழை இன்னும் வரவில்லை; ஆனால் மூக்கு சிவக்கும் குளிர். குளிர்காலத் தூக்கத்துக்குப் போகும் முன் கார்கள் கடைசியாக ஒன்றுகூடும் நாள் இது. வழக்கம் என்னவென்றால், முதலில் தலைவர் தன் காருக்கு டோனோ மாட்டுவார், எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். அவருடைய கடைசி பட்டன் 'டிச்' என்றதும் மற்றவர்கள் தங்கள் கார்களை மூடிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். சாப்பிட்டபின் தேர்தல். தலைவரின் கடைசி பட்டன் விழாமல் யாரும் முள்கரண்டியைத் தொடக் கூடாது. இதையும் சேர்த்தவர் ஆப்ரிதான்.

குளிரில் டோனோ சுருங்கும். திறந்த கார் வைத்திருக்கும் எவருக்கும் இது தெரியும். அதனால் ஒவ்வோர் அக்டோபரிலும் மற்றவர்கள் முக்கி முனகி, ஒருவர் இழுக்க ஒருவர் அமுக்க, சில சமயம் சூடான எஞ்சின் மூடியின் மேல் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, ஒருவழியாக மாட்டுவார்கள். டச்சஸின் டோனோ மட்டும் வெண்ணெய் தடவினதுபோல் போய் உட்காரும். இதிலிருந்து ஆப்ரி ஒரு தத்துவம் கண்டுபிடித்திருந்தார்.

"நண்பர்களே" என்று அன்றும் தொடங்கினார். "குளிர்ல சுருங்குது, சுருங்குதுன்னு வருஷா வருஷம் ஒரு புலம்பல். குளிர்ங்கறது மணிக்கட்டுல பலம் இல்லாதவங்க கண்டுபிடிச்ச சாக்கு. சூடு காட்டி மாட்டறவன் காருக்குச் சொந்தக்காரன் இல்ல, சமையல்காரன்." இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதில் வெளுத்த தழும்பு ஒன்று உண்டு. "மலைப் பந்தயத்துல, கொண்டை ஊசி வளைவுல வாங்கினது. இந்த விரலுக்குக் குளிர் தெரியாது!"

டோனோவை விரித்தார். பலகை மாதிரி விறைத்து நின்றது. பின்வரிசைப் பட்டன்கள் ஒழுங்காக விழுந்தன: டிச், டிச், டிச். ஸ்டியரிங்குக்கு மேல் புடைப்பைப் பொருத்தினார். முன்பக்கம் வந்து, நடுப் பட்டனைப் பிடித்து இழுத்தார்.

இரண்டு விரற்கடை குறைந்தது.

ஆப்ரி லேசாகச் சிரித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். எட்டியது, அமுக்கினார், டிச். உடனே பின்னால் ஒன்று 'டப்' என்று கழன்றது. ஓடிப்போய் அதை அமுக்கினார். முன்னால் டப். முன்னால் ஓடி வந்தார். பக்கவாட்டில் டப், டப். காரைச் சுற்றி அவர் ஓடிய ஓட்டத்தில் காற்றுக் கண்ணாடி நழுவி மூக்கில் விழுந்தது.

சங்கத்தின் செயலாளர் சிரில், ஒல்லியான மனிதர், காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் மதுக்கடையின் ரோஸ்ட் இறைச்சியை நம்பி வந்தவர். சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு, "தலைவரே, கிரேவி ஆடை கட்டுதாம்" என்றார்.

"ஒரு நிமிஷம் சிரில். டச்சஸ் கொஞ்சம் வீங்கியிருக்கா."

"வீக்கமா?" கூட்டத்திலிருந்து ரோவினாவின் குரல் வந்தது. "ஊசி இருக்கு, போட்டுடலாம். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில், "எஞ்சின் மேல கொஞ்ச நேரம் போட்டு எடுங்களேன் தலைவரே. நாங்கள்லாம் அதான் செய்யறோம்" என்றார்.

ஆப்ரியின் காது சிவந்தது. சமையல்காரன் என்று சொன்ன வாயில் இன்னும் ஈரம் காயவில்லை. "தேவையில்ல. மணிக்கட்டு" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி இழுத்தார். டப்.

ரோவினாவின் பக்கத்தில் நின்று மிட்டாய் சப்பிக்கொண்டிருந்த மேவிஸுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பாவமாக இருந்தது. பிறகு அவள் பார்வை டச்சஸின் பின்பக்க இரும்புச் சட்டத்துக்கும், அதில் தொங்கிய வாருக்கும், பக்கத்து இருக்கைக்கும் போய் வந்தது. மிட்டாயைக் கடித்து விழுங்கினாள். நேராக ஆப்ரியிடம் போனாள்.

"குனி. ஜிப்பைப் பார்க்கற மாதிரி குனி."

"இப்ப வேணாம் மேவிஸ்."

"குனிங்கறேன். இந்த டோனோ வருஷா வருஷம் எதுல வரும்?"

"சீட்டுல."

"சீட்டுல யாரு இருப்பா?"

"நீ."

"எனக்கு அடியில?"

"வெந்நீர்ப் பை" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். இருபது வருடப் புகழ் எந்த இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது அவருக்குப் புரிந்தது. அது ஒரு தலைவர் மேடையில் சொல்லிக்கொள்ளக்கூடிய இடமில்லை.

"மேவிஸ்" என்றார் மெதுவாக. "கொஞ்ச நேரம் உட்கார்றியா?"

"உட்கார்றேன். ஆனா பெரில் வீட்டுக்குக் கூரை ஏத்தித்தான் போகணும்."

"தலைவர் கூரை—"

"தலைவரா இருந்தாத்தானே அந்தக் கவலை? விதியை எழுதினதும் நீதான். அழி."

"வேற ஏதாவது கேளேன். புதுக் கோட்டு கேளு. இத்தாலிக்குப் போகணும்னு கேளு."

"கூரை."

ஆப்ரியின் முகம் வெளுத்தது. ஒரு விதியை மீறுவதற்கு இவ்வளவு வெளுக்க வேண்டுமா என்று மேவிஸுக்குத் தோன்றியது. பின்னால் சிரிலின் வயிறு உறுமுவது கேட்டது. "சரி" என்றார் ஆப்ரி.

மேவிஸ் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "எனக்குத் தலை சுத்துது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மடக்கு நாற்காலி வந்தது. நாற்காலி சில்லென்று இருக்குமே என்று அக்கறையுள்ள கணவராக ஆப்ரி டோனோவைக் கழற்றி மடித்து அதில் போட்டார். மேவிஸ் உட்கார்ந்தாள். ரோவினா தன் காருக்குப் போய், தாயில்லாத ஆட்டுக்குட்டிகளுக்காக வைத்திருந்த வெந்நீர்ப் பையில் தன் பிளாஸ்கில் இருந்த வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்து, எதுவும் கேட்காமல் மேவிஸிடம் கொடுத்தாள். பதில் சொல்லாத நோயாளிகளோடு பழகியவள். கேள்வி கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"உனக்கு ஏன் இந்த வேலை? அவர் தோத்தா உனக்குத்தானே நல்லது?" என்று மேவிஸ் கிசுகிசுத்தாள்.

"பதவி கிடக்கட்டும். எனக்குப் பசிக்குது. அசையாம உட்காரு."

உறை இளகும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டுமே. ஆப்ரி சங்கத்தின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் கூட்டம் நடந்த தேநீர்க் கடை, அதன் மேஜைவிரிப்பின் நிறம், அன்றைய காற்றின் திசை. மேவிஸ் பக்கம் பார்ப்பார். அவள் இன்னும் என்று கண்ணைக் காட்டுவாள். அவர் சங்கச் சின்னத்தில் நரி ஏன் இடப்பக்கம் பார்க்கிறது என்பதை விளக்கப் போவார். சிரில் புல்லில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கடைசியில் மேவிஸ் எழுந்து, "இப்ப தேவலாம்" என்றாள். எழுந்த இடத்திலிருந்து லேசாக ஆவி வந்தது.

ஆப்ரி டோனோவை உதறினார். துணி மாதிரி குழைந்தது. பின்னால் டிச், டிச், டிச். முன்னால் நடுவில் டிச். பக்கங்கள் டிச், டிச். கடைசி பட்டனுக்கு முன் சற்று நிறுத்தி, தழும்பேறிய கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, அமுக்கினார். டிச்! தகரக் கோப்பைகளைத் தட்டிக் கூட்டம் ஆரவாரித்தது. அதில் பாதி பசியின் ஆரவாரம்.

"மணிக்கட்டு!" என்றார் ஆப்ரி. அந்த நிமிடத்தில் அவர் அதை நம்பினார் என்பதை மேவிஸ் அவர் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பின் கை தூக்கித் தேர்தல் நடந்தது. ஆப்ரி வென்றார். ரோவினாவுக்காக உயர்ந்த கைகளில் ஒன்று மேவிஸுடையது.

சாயங்காலம் புறப்பட்டபோது முதல் தூறல் விழுந்தது. சங்கத்தார் பார்வையில் படாமல் இருக்க ஆப்ரி மாதாகோயில் மதிலுக்குப் பின்னால் கொண்டுபோய் டச்சஸை நிறுத்தினார். மேவிஸ் காரில் உட்கார்ந்தபடி கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்து."

ஆப்ரி இறங்கினார். மடிந்து கிடந்த கூரையைப் பார்த்தார். காற்றுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காரை ஒரு சுற்று சுற்றி வந்து கூரையை மறுபக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு முகப்பு விளக்கைத் துடைக்கத் தொடங்கினார்.

"ஆப்ரி! முடி போகுது!"

"சின்னத் தூறல்தானே. கொஞ்சம் வேகமா போனா—"

"சொன்ன சொல் என்னாச்சு?"

அவர் மதிலைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்ன? கேக்கல."

"எனக்கு இதை ஏத்தத் தெரியாது, மேவிஸ்."

இருபது வருடக் கொள்கையை, கல்யாணங்களை, ஞானஸ்நானத்தை, வேல்ஸுக்குப் பறந்த தொப்பியை மேவிஸ் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. சிரிப்பில் கைப்பை ஆடியது. முடியின் நினைவு வந்து, அவசரமாக நேராகப் பிடித்தாள்.

மதில் முனையில் விளக்கு வெளிச்சம் திரும்பியது. ஒட்டுப்போட்ட கூரையோடு சிவப்புக் கார் வந்து நின்றது. ரோவினா ஜன்னலைத் தள்ளினாள். "வண்டி ரிப்பேரா?"

"இல்ல" என்று மேவிஸ் டச்சஸிலிருந்து இறங்கினாள். "தலைவருக்குக் கொள்கை. என்னைப் பெரில் வீட்டுல விட்டுடறியா?"

"ஏறு. ஆட்டுக்குட்டி நாத்தம் இருக்கும்."

"காஞ்ச நாத்தம்தானே" என்று ஏறிக்கொண்டாள். பிறகு தலையை வெளியே நீட்டாமல், குரலை மட்டும் நீட்டினாள். "வேகத்தைக் கூட்டு ஆப்ரி. மழை தாண்டிப் போயிடும்."

சிவப்புக் கார் முன்னே போனது. டச்சஸ் பின்தொடர்ந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு செம்மறி மந்தை சாலையைக் கடக்க வந்தது. சிவப்புக் கார் போனபின்தான் வந்தது.

அன்று எடுத்த படம் இப்போது ஆல்பத்தில் இருக்கிறது. நடுவில் பெரிலும் அவள் கணவரும். பக்கத்தில் மேவிஸ், கோபுரம்போல் எழுந்த முடியோடு, ஒரு சுருள்கூடக் கலையாமல். பின்வரிசையில், ஆற்றிலிருந்து இழுத்துப் போட்டதுபோல், தலைவர் ஆப்ரி காட்டர்மோல். வெற்றிச் செய்தியைச் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்தியிருப்பதால் தழும்பு தெளிவாக விழுந்திருக்கிறது.

அது மலைப் பந்தயத்தில் வாங்கியது அல்ல என்று வீடு திரும்பியபின் அவரே ஒப்புக்கொண்டார். கார் வாங்கிய அன்று கூரையை ஏற்றப் பார்த்தபோது அதன் சட்டத்தில் விரல் மாட்டிக்கொண்டது. ஒரு தையல் போட்டார்கள். அவர் மயங்கி விழுந்தார்.